வௌவாலின் இறக்கை ஒரு கை

பெங்களூரில் எங்கள் மையத்தில் ஒரு நாள் இரவு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. சன்னல் வழியே ஒரு வௌவால் உள்ளே வந்துவிட்டது. எல்லோரும் கத்தினோம். நானும்தான். விளக்கை அணைத்தோம். கதவையும் சன்னலையும் நன்றாகத் திறந்து வைத்தோம். கொஞ்ச நேரத்தில் அது தானாகவே வெளியே போய்விட்டது.

"அது பறவையா, எலியா?" என்று ஒரு அம்மா கேட்டார்.

இரண்டும் இல்லை. வௌவால் குட்டி போடும். பால் கொடுக்கும். அதன் இறக்கையில் இறகே கிடையாது. அந்த இறக்கை உண்மையில் அதன் கை.

உங்கள் கையை விரித்துப் பாருங்கள். கட்டைவிரலை அப்படியே விடுங்கள். மற்ற நான்கு விரல்களும் உங்கள் உடம்பு நீளத்துக்கு வளர்ந்ததாக நினையுங்கள். விரல்களுக்கு நடுவே மெல்லிய தோல் இருக்கிறது. அந்தத் தோல் சுண்டுவிரலிலிருந்து விலாப்பக்கம் வந்து, கால் வரை போகிறது. இதுதான் வௌவாலின் இறக்கை. குடையை நினைத்துக்கொள்ளுங்கள். விரல்கள் குடைக்கம்பி. தோல் குடைத்துணி. ஆனால் குடைத்துணிக்கு உயிர் இல்லை. இந்தத் தோலில் ரத்தம் ஓடுகிறது. சின்னக் கிழிசல் விழுந்தால் தானாகவே ஆறிவிடும்.

கட்டைவிரல் மட்டும் சிறியது. அதில் கொக்கி போல நகம் உண்டு. வௌவால் வாயாலேயே மலம் கழிக்கும் என்று ஊரில் சொல்வார்கள். என் பாட்டியும் சொல்வார். அது தவறு. பழந்தின்னி வௌவால் பழத்தை மென்று சாற்றை விழுங்கும். சக்கையைத் துப்பும். அதைப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள் போலிருக்கிறது. மலம் கழிக்கும்போது அது கட்டைவிரல் நகங்களால் கிளையைப் பிடித்து, தலையை மேலே திருப்பிக்கொள்ளும். உடம்பில் அசிங்கம் படாது!

எல்லா வௌவாலுக்கும் இதே கைதான். அளவுதான் வேறு. கோலார் மாவட்டம் அனுமனஹள்ளியில் ஒரு குகை இருக்கிறது. அங்கே ஒரு சிறிய வகை வௌவால் வாழ்கிறது. இன்று உலகில் வேறு எங்கும் அது இருப்பதாகத் தெரியவில்லை. எண்ணிக்கை மிகவும் குறைவு. சுற்றிலும் கல் உடைத்ததால் வந்த அழிவு இது. 2016-இல் அதை மிகவும் அழியும் நிலையில் உள்ள உயிர் என்று அறிவித்தார்கள்.

பெரிய பழந்தின்னி வௌவால் இறக்கையை விரித்தால் நான்கு அடிக்கு மேல் இருக்கும். இதுவே நகரத்தில் அதற்கு ஆபத்து. ஒரே நேரத்தில் இரண்டு மின்கம்பிகளைத் தொட்டுவிடும். உடனே செத்துப்போகும். பட்டம் விடும் மாஞ்சா நூலும் இறக்கையை அறுக்கிறது. நைலான் மாஞ்சாவை 2017-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்தது. ஆனாலும் மரக்கிளைகளில் அது தொங்குவதை நான் பார்க்கிறேன். பெரிய வௌவால் ஒரு தடவைக்குப் பெரும்பாலும் ஒரே குட்டிதான் போடும். தாய் செத்தால் அதைக் கட்டிக்கொண்டிருக்கும் குட்டியும் பிழைப்பது கடினம்.

அடிபட்ட வௌவாலைக் கண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். பயத்தில் கடித்துவிடும். ஒரு கூடையால் மூடிவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடித்துவிட்டால் அந்த இடத்தைச் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.