படகின் அடியில் ஓட்டை போடணுமா? எக்கோ சவுண்டர் வாங்கும் முன் இதைக் கவனிங்க!

எக்கோ சவுண்டர் வாங்கப் போகும் பலரும் திரை எவ்வளவு பெரிசு என்றுதான் பார்க்கிறார்கள். ஆனால் வேலை முழுக்க படகின் அடியில் இருக்கும் டிரான்ஸ்டியூசருக்குத்தான். அது அனுப்பும் ஒலி கடல் தரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்தே ஆழம் கணக்கிடப்படுகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,500 மீட்டர். 15 மீட்டர் ஆழம் போய்வர 0.02 விநாடி போதும்.

துளையிட்டுப் பொருத்துவதென்றால், படகு எதில் செய்தது என்பதுதான் முதல் கேள்வி. மரப் படகில் பிளாஸ்டிக் வேண்டாம். மரம் ஊறி உப்பினால் அது விரிசல் விடலாம். வெண்கலம்தான் சரி. அலுமினியப் படகுக்கு அப்படியே நேர்மாறு. உப்புத் தண்ணீரில் வெண்கலத்தோடு சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். ஃபைபர் படகில் இரண்டுமே ஓகே.

கெட்டியான ஃபைபர் அடிப்பாகம் என்றால் ஓட்டையே போடாமல் உள்பக்கம் ஒட்டும் வகையும் உண்டு. நடுவே ஃபோம் இருந்தாலோ, காற்றுக்குமிழி சிக்கினாலோ அது வேலைக்கு ஆகாது.

கரையோர மீன்பிடிப்புக்கு 200 கிலோஹெர்ட்ஸ், ஆழ்கடலுக்கு 50.

புரொபெல்லருக்கு முன்னால், நுரை வராத இடமாகப் பார்த்துப் பொருத்த வேண்டும். 'வி' வடிவ அடிப்பாகத்தில் சாய்வைச் சரிக்கட்டாவிட்டால் ஒலி பக்கவாட்டில் போகும். எதிரொலி குறையும், இருப்பதைவிடக் கூடுதல் ஆழமும் காட்டலாம். தரைதட்டும் ஆபத்து அங்கேதான்.

படகைத் தண்ணீரில் இறக்கியதும் கசிவு இருக்கிறதா என்று உடனே பாருங்க. சில மணி நேரம் கழித்து மறுபடியும் பாருங்க. மெதுவான கசிவு முதலில் கண்ணில் படாது.