கொழும்பில் ஒரு முற்றத்து வீடு

மலைநாட்டு முஸ்லிம் குடும்பங்கள் கொழும்புக்குப் போவதென்றால் பெரும்பாலும் மூன்றே காரணங்கள்தாம்: ஆஸ்பத்திரி, பாஸ்போட், கல்யாணப் புடைவை. காரியம் முடிந்ததும் இரவு பஸ்ஸில் ஏறிவிடுவோம். நம் பெண்கள் கண்ட கொழும்பு, புறக்கோட்டைக் கடைத்தெருவும் உறவினர் வீட்டுக் குசினியுமே. கடந்த பாடசாலை விடுமுறையில் லுணுகலையிலிருந்து நாங்கள் குடும்பத்தோடு போனது இந்த மூன்றுக்குமல்ல. ஒரு வீட்டைப் பார்க்க.

கொள்ளுப்பிட்டி, பகத்தலை வீதி, 33ஆம் ஒழுங்கையில் இருக்கிறது அந்த 11ஆம் இலக்க வீடு. முன்கூட்டியே பதிவு செய்துகொண்டால் உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். அதில் வாழ்ந்தவர் ஜெப்ரி பாவா (1919–2003). 1982இல் திறக்கப்பட்ட கோட்டே பாராளுமன்றக் கட்டடம் அவரது வரைபடத்தில் எழுந்ததே. பாவா என்ற பெயர் உங்களை நிமிர்ந்து பார்க்க வைக்கும். சரிதான், அவரது தந்தைவழி சோனக வம்சம், தாயார் பறங்கியர். முதலில் சட்டத்தரணியாக இருந்தவர், 1957இல், முப்பத்தெட்டாவது வயதில்தான் கட்டடக் கலைஞரானார். 2001இல் ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவருக்குச் சிறப்பு விருது அளித்தது. 1948இல் பெந்தோட்டையில் அவர் வாங்கிய தோட்டத்தின் பெயர் லுணுகங்கை. நமதூர் உப்புக்கல் என்றால் அது உப்பாறு.

இந்த வீடு ஒரே நாளில் எழுந்த மாளிகையல்ல. ஒழுங்கையில் வரிசையாக நின்ற நான்கு சிறிய வீடுகளில் மூன்றாவதில் 1958இல் குடியேறினார். பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் அவர் கைக்கு வந்தன. பத்தாண்டில் நான்கும் ஒன்றாயின. வாசலில் அவரது பழைய ரோல்ஸ் ரொய்ஸ் கார் நிற்கிறது. மகன் அதைவிட்டு நகர மறுத்தான். உள்ளே சித்திரங்களும் சிற்பங்களும் நிறைய உண்டு. உருவங்கள் பற்றிய மார்க்கச் சட்டத்தை விவாதிக்க இது இடமல்ல. நாங்கள் பார்க்கப் போனது வீட்டின் அமைப்பை.

நீண்ட வெள்ளை நடையில் நடக்கிறோம். இருட்டு வரப்போகிறது என்று நினைக்கும் இடத்தில் திடீரென்று மேலே வானம் தெரிகிறது. கூரையில்லாத சிறு முற்றம், ஒரு செடி, கொஞ்சம் தண்ணீர், செட்டிநாட்டிலிருந்து வந்த பழைய தூண்கள். அடுத்த அறை கடந்தால் இன்னொரு துண்டு வானம். வீதியிலிருந்து ஒரு கண்ணும் உள்ளே விழாது. ஆனால் பகலில் மின்விளக்குப் போடத் தேவையே இல்லை. மனைவி ஒரு முற்றத்தருகில் நின்றவர் நெடுநேரம் பேசவேயில்லை.

இது புதுமையா என்றால், இல்லை. காலிக் கோட்டையில் நம்மவர்களின் பழைய வீடுகளுக்கு நடுமுற்றம் உண்டு. திமிஷ்க் நகரின் பழைய வீடுகளும் அப்படித்தான்: வெளியே வெறும் சுவர், உள்ளே மரமும் தண்ணீரும். வீட்டுக்குள்ளேயே நாளைக் கழிக்கும் பெண்களுக்குக் காற்றும் வெயிலும் கிடைக்க முன்னோர் கண்ட வழி அது. நாமோ வெளிநாட்டுப் பணம் வந்ததும் செய்யும் முதல் வேலையாக முற்றத்தை மூடி ஸ்லப் போடுகிறோம். பத்துக்குப் பன்னிரண்டடி லயத்தில் பிறந்த என் மாணவர்களுக்குக்கூட வாசலில் வெயில் உண்டு. நகரத்துப் புது வீட்டுக் குசினியில் நண்பகலிலும் பல்ப் எரிகிறது.

அஸருக்குப் பின் காலிமுகத்திடலுக்குப் போனோம். ஆளுநர் ஹென்றி வார்ட் 1859இல் முடித்துக்கொடுத்த கடலோர நடைபாதை அது. அங்குள்ள கல்லில், கொழும்பின் பெண்களினதும் பிள்ளைகளினதும் நலனுக்காக இதைப் பேணுமாறு பின்வரும் ஆளுநர்களைக் கேட்டுக்கொள்ளும் வாசகம் பொறிக்கப்பட்டிருக்கிறது. வெள்ளைக்காரன் செய்ததில் எனக்குப் பிடித்தவை சில. அவற்றில் இது ஒன்று.

அங்கே இஸ்ஸோ வடை வாங்காமல் திரும்பிய பிள்ளை உண்டா? பருப்பு வடையின்மேல் முழு இறாலைப் பதித்துப் பொரித்து, வெங்காயமும் மிளகாயும் தூவித் தாளில் சுற்றித் தருகிறார்கள். இறால் பற்றி ஹனஃபி மத்ஹபில் கருத்து வேறுபாடு உண்டு. ஷாபிஈக்களான எமக்கு அந்தக் கவலையில்லை. எண்ணெயைப் பற்றித்தான் கவலை. கறுத்த எண்ணெய்ச் சட்டிகளைத் தாண்டி, புதிதாகப் பொரித்துக்கொண்டிருந்த வண்டியில் வாங்கினோம். பிறகு மிளகாய்த்தூள் பிரட்டிய அன்னாசி அச்சாறு. சமைக்க வேண்டாம், பாத்திரம் கழுவ வேண்டாம் என்று கால் நீட்டி அமர்ந்திருந்தார் மனைவி.

“மகள்ட வாப்பா, பின்முற்றத்த மூடி அறை எடுக்கப் போறீங்களே, அதுக்குப் பொறகு குசினிக்கு வெளிச்சம் எங்கால வரும்?” என்றார் திடீரென்று.

மகள் வளர்ந்துவிட்டாள், படிக்கத் தனி அறை வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதானே.

மகள் வடை சுற்றிய தாளை விரித்து, பேனையால் கோடு போட்டாள். “எனக்கு அறை சின்னதா இருந்தாப் போதும் வாப்பா. குசினிப் பக்கமா ஆறடிக்கு ஆறடி தொறந்தே இருக்கட்டும். என்ட ஜன்னலையும் அந்தப் பக்கமே வைங்க.”

மழைத் தண்ணீர் உள்ளே அடிக்கும் என்று மேசன் பாஸ் நிச்சயம் சொல்வார். ஐப்பசி, கார்த்திகையில் எமதூர் மழை அப்படி. ஒரு பீலியும் ஆழமான வடிகாலும் அமைத்தால் சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. அவ்வளவு இடத்துக்கான கம்பியும் சீமெந்தும் மிச்சம். அடுத்த வாரம் அவர் அளவெடுக்க வருகிறார். எண்ணெய் படிந்த அந்தத் தாளை மனைவி பத்திரமாக வைத்திருக்கிறார்.