அயல்நாட்டுக் கல்வி: இடையில் நின்றுவிடுவது ஏன்?

பிள்ளைகளை மேற்படிப்பிற்காக அயல்நாடு அனுப்புவது இன்று செல்வர் வீட்டு நிகழ்ச்சி மட்டுமன்று. ஆசிரியர், சிறு வணிகர், உழவர் இல்லங்களிலிருந்தும் இளைஞர்கள் விமானம் ஏறுகின்றனர். படிப்பை முடித்து நல்ல நிலை அடைவோர் பலர். எனினும் சிலர் இடையிலேயே தளர்ந்து கல்வியைக் கைவிடுகின்றனர். அறிவுக்குறைவே இதற்குக் காரணம் என்று எண்ணுவது பொருந்தாது. ஜெர்மனி நாட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு உண்மைக் காரணங்களை நாம் ஆராய்வோம்.

2022-23ஆம் கல்வியாண்டு முதல் அந்நாட்டில் பயிலும் அயல்நாட்டு மாணவருள் இந்தியரே மிகுதி. 2023-24இல் அவர்களின் தொகை ஏறத்தாழ 49,000. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதே பெரிய ஈர்ப்பு.

தேர்வு முறை வேறு

நம் கல்லூரிகளில் வருகைப் பதிவும், இடைத்தேர்வுகளும், அகமதிப்பெண்ணும் மாணவனைக் கைப்பிடித்து நடத்துகின்றன. ஒரு பாடத்தில் தவறினால் 'அரியர்' வைத்து அடுத்தடுத்த பருவங்களில் எழுதி முடிக்கலாம். ஜெர்மனியிலோ பல பாடங்களுக்குப் பருவ இறுதியில் நடைபெறும் ஒரே தேர்வுதான் முடிவு கூறும். வகுப்பிற்கு வந்தாயா என்று கேட்பவர் இலர். தேர்வுக்கும் மாணவனே உரிய நாளுக்குள் பெயர் பதிவு செய்தல் வேண்டும். கட்டாயப் பாடம் ஒன்றில் பெரும்பாலும் மூன்று வாய்ப்புகளே உண்டு. மூன்றாம் முறையும் தவறினால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கப்படும். அதே படிப்பை அந்நாட்டின் வேறு பல்கலைக்கழகத்திலும் தொடர்தல் பொதுவாக இயலாது. அங்குத் தங்குவதற்கான உரிமையும் அப்படிப்பையே சார்ந்திருப்பதால், தேர்வுத் தோல்வி வாழ்வையே அசைத்துவிடுகிறது.

கடனும் உழைப்பும்

விசா பெற விரும்பும் மாணவர் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய பணத்தைத் தனிக் கணக்கில் முன்கூட்டியே இட்டுவைத்தல் வேண்டும். 2024 செப்டம்பரில் இத்தொகை 11,904 யூரோவாக உயர்த்தப்பட்டது. திங்கள்தோறும் 992 யூரோ மட்டுமே எடுக்கலாம். மியூனிக் போன்ற பெருநகரங்களில் அறை வாடகையே அதில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். ஊரிலோ வங்கிக் கடன் இருக்கிறது. படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கேட்கப்படாவிடினும், வட்டி ஏறிக்கொண்டேயிருக்கும்.

எனவே மாணவன் வேலை தேடுகிறான். ஆண்டுக்கு 140 முழு நாள்கள் அல்லது 280 அரை நாள்கள் வேலை செய்யச் சட்டம் இடமளிக்கிறது. ஆயின் ஆங்கில வழியில் பயில்வோர் ஜெர்மன் மொழி அறியாதவராயின், கிடங்கிலும் உணவு விநியோகத்திலும் உடலை வருத்தும் வேலையே கிட்டும். இரவெல்லாம் பெட்டி சுமந்தவன் காலையில் விரிவுரையை எங்ஙனம் கேட்பான்? பணத்திற்காகப் படிப்பை இழப்பதும், படிப்பை இழந்ததனால் பணத்திற்கு வழியின்றி நிற்பதும் இங்ஙனமே நேர்கின்றன.

மறைக்கப்படும் முதல் தோல்வி

இவற்றினும் கொடியது மௌனம். குளிர்காலத்தில் மாலை நான்கு மணிக்கே இருள் சூழும் நாட்டில், பேசத் துணையின்றித் தனியறையில் இருக்கும் பிள்ளை, வீட்டிலிருந்து தொலைபேசி வந்தால் "நன்றாக இருக்கிறேன்" என்றே சொல்கிறது. நிலத்தை அடகு வைத்த தந்தையிடமும், நகையைக் கழற்றிக் கொடுத்த தாயிடமும் தோல்வியைச் சொல்ல நா எழுவதில்லை. முதல் தோல்வியை மறைக்கிறது, இரண்டாவதையும் மறைக்கிறது. மூன்றாவது வந்தபின் மறைக்க ஒன்றுமில்லை, திருத்தவும் காலமில்லை.

முதல் தோல்வியின்போதே வாய்திறந்தால் வழிகள் பல உள. பாடத்தைப் பற்றிக் கலந்துரையாடப் பல்கலைக்கழகங்களில் ஆலோசகர்கள் உள்ளனர். மாணவர் நலச் சங்கங்கள் பலவற்றில் மனநல ஆலோசனை கிடைக்கிறது. பல்கலைக்கழக நகரங்கள் பலவற்றில் கத்தோலிக்க மாணவர் சமூகங்களும் புராட்டஸ்டண்டு மாணவர் சமூகங்களும் இயங்குகின்றன; இடர்ப்படும் அயல்நாட்டு மாணவர்க்கு அவை ஆலோசனையும், சில இடங்களில் அவசரப் பண உதவியும் அளிக்கின்றன. உரிய காலத்தில் முயன்றால் வேறு பாடப்பிரிவுக்கோ, தொழிற்பயிற்சிக்கோ மாறவும் இடமுண்டு.

பெற்றோரின் பங்கு

அனுப்புமுன் முகவரின் சொல்லை மட்டும் நம்பாது, கல்லூரி அரசுடையதா தனியாருடையதா, கட்டணம் எவ்வளவு, தேர்வு விதிகள் யாவை என நாமே கேட்டறிதல் வேண்டும். விமானச் சீட்டு வாங்குமுன் ஓராண்டேனும் ஜெர்மன் மொழி பயிலச் செய்வது நலம். முதல் ஆண்டில் பிள்ளை ஈட்டும் பணத்தைக் கடனுக்கென எதிர்பாராதிருப்பது அதனினும் நலம்.

தொலைபேசியில் "சாப்பிட்டாயா, வேலை கிடைத்ததா" என்று மட்டும் கேளாமல், "எந்தப் பாடம் கடினமாக உள்ளது?" என்றும் பரிவுடன் கேட்போம். "தவறினாலும் எங்களிடம் முதலில் சொல், கடனை நாம் சேர்ந்து அடைப்போம்" என்ற உறுதியை விமான நிலையம் செல்லுமுன்னரே அளிப்போம். வீட்டில் உண்மையைச் சொல்ல அஞ்சாத பிள்ளை, அயல்நாட்டில் உதவி கேட்கவும் அஞ்சாது.