தீக்கல் துப்பாக்கி வேட்டை

தீக்கல் துப்பாக்கி வேட்டை என்பது, சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் வெடிக்கும் பழைய வகைத் துப்பாக்கியைக் கொண்டு விலங்குகளை வேட்டையாடுவதாகும். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் உருவான இத்துப்பாக்கி, 19-ஆம் நூற்றாண்டில் வழக்கொழிந்தது. ஆயினும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் இதற்கெனத் தனி வேட்டைப் பருவம் உள்ளது.

இயங்கும் முறை

அளந்த வெடிமருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, எண்ணெய் தடவிய துணியில் பொதிந்த ஈயக் குண்டைக் கோலால் அடிவரை இடித்து இறக்குவர். குழலின் பக்கத்தில் உள்ள சிறு கிண்ணத்தில் நுண்ணிய மருந்து சிறிதளவு இடப்படும். விசையை இழுத்ததும், சுத்தியல் கவ்வியுள்ள கல் எஃகுத் தகட்டில் உரசிப் பொறி எழுப்பும். அதே வேகத்தில் தகடு விலகிக் கிண்ணம் திறக்கும். பொறி பட்டு அங்குள்ள மருந்து எரியும். அத்தீ ஒரு துளை வழியே குழலுக்குள் சென்று குண்டை வெளியேற்றும். கல் மழுங்கினாலோ மருந்து ஈரமானாலோ துப்பாக்கி வெடிக்காது.

பென்சில்வேனியாவின் வேட்டைப் பருவம்

18-ஆம் நூற்றாண்டில் இங்கு குடியேறிய செருமானியக் கைவினைஞர்கள் நீண்ட புரிகுழல் துப்பாக்கிகளைச் செய்தனர். லங்காசுட்டர் வட்டாரம் இதற்குப் பெயர் பெற்றது. அந்த மரபைப் பேணும் வகையில் 1974-இல் தீக்கல் துப்பாக்கிக்கான மான் வேட்டைப் பருவம் தொடங்கப்பட்டது. கிறித்துமசுக்குப் பின் தொடங்கி சனவரி வரை நடைபெறும் இப்பருவத்தில், வெண்வால் மான்களை வேட்டையாட அனுமதி உண்டு. துப்பாக்கியின் குழல்விட்டம் 0.44 அங்குலத்திற்குக் குறையக்கூடாது.

மனநிறைவும் பொறுப்பும்

இவ்வேட்டையின் மனநிறைவு அதன் கடினத்திலேயே உள்ளது. நவீனத் துப்பாக்கியைப் போல வெகுதொலைவிலிருந்து சுட இயலாது. இலையுதிர்ந்த பனிக்காட்டில், முந்தைய பருவங்களில் மிரண்டு எச்சரிக்கையான மானை ஓசையின்றி நெருங்க வேண்டும். கண்ணருகே தீ எழுந்த பின்பே குண்டு புறப்படும். அந்தச் சிறு இடைவெளியில் திடுக்கிட்டால் குறி தவறும். எனவே வெடித்து முடியும்வரை அசையாதிருக்கப் பழகுதல் இன்றியமையாதது.

ஒருமுறை சுட்டபின் மீண்டும் மருந்திட்டு ஆயத்தமாவதற்குள் மான் ஓடிவிடும். குறி தவறிக் காயமுற்ற மான் வீணாகத் துன்புறும். ஆகவே உறுதியாகத் தெரியாத நிலையில் சுடாமல் விடுவதே நல்ல வேட்டைக்காரரின் இலக்கணமாகக் கருதப்படுகிறது. புகை கலைந்ததும் மான் நின்ற இடத்திற்குச் சென்று, குருதித் தடம் உள்ளதா எனத் தேடிப் பார்ப்பது அவரது கடமை. வெறுங்கையுடன் திரும்பும் நாட்களே மிகுதி என்பதால், கிடைக்கும் ஒரு மானும் பெரிதாக மதிக்கப்படுகிறது.

பராமரிப்பு

எரிந்த மருந்தின் கசடு காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிக்கும். எனவே சுட்ட அன்றே குழலை வெந்நீரால் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூச வேண்டும். வெடிக்காமல் போன துப்பாக்கியின் வாயைச் சிறிது நேரம் பாதுகாப்பான திசையிலேயே பிடித்திருக்க வேண்டும். உள்ளே கனலும் மருந்து தாமதமாக வெடிக்கக்கூடும்.