ஈரிலக்கச் சிக்கலும் பங்கு முதலீடும்

கணிப்பொறிகள் தோன்றிய காலத்தில் நினைவகம் மிக்க விலையுள்ள பொருளாயிருந்தது. ஆகவே 1965 என்னும் ஆண்டை 65 என்று ஈரிலக்கத்தால் மட்டுமே குறித்து வைத்தனர். 1999 கழிந்து 00 வந்ததும் பொறி அதனை 1900 எனக் கொள்ளுமாயின், 1998-இல் தந்த கடனுக்கு வட்டி எங்ஙனம் கணக்கிடப்படும்? காலம் 98 ஆண்டு பின்னோக்கி ஓடிவிடும் அன்றோ? ஆங்கிலத்தில் இதனைப் பூச்சி என்றே வழங்கினர். பூச்சி ஏதும் இதில் இல்லை. பழைய சிக்கனமே இருந்தது.

பழைய நிரல்களை வரிவரியாகப் படித்துத் திருத்த, கோபால் என்னும் நிரல்மொழி அறிந்தோர் பெருந்தொகையினர் வேண்டியிருந்தது. அமெரிக்க வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் அவர்களைத் தேடியபொழுது பெங்களூர் முன்வந்தது. ஊதியச் செலவு குறைவு. அங்கே இரவாகும்போது இங்கே பகல். செயற்கைக்கோள் இணைப்பும் கிட்டியிருந்தது.

1993-இல் இன்ஃபோசிஸ் நிறுவனம் தன் பங்கை 95 ரூபாய்க்குப் பொதுமக்கட்கு அளித்தபோது, முழுவதையும் வாங்குவார் இல்லை. 1999 மார்ச்சிலோ அதே நிறுவனம், இந்தியாவில் பதிவான நிறுவனங்களுள் முதலாவதாக அமெரிக்காவின் நாஸ்டாக் சந்தையில் இடம்பெற்றது. பணி ஓய்வில் பெற்ற சேமநிதியை இத்தகைய பங்குகளில் இடலாமா என்று அந்நாளில் நம்மிடமே வினவியோர் உண்டு.

அவர்கள் மறந்தவை இரண்டு. ஊரார் அனைவரும் அறிந்த ஆதாயம் பங்கின் விலையில் முன்னரே ஏறிவிட்டது என்பது ஒன்று. இத்தொழில் முடியும் நாள் நாட்காட்டியிலேயே குறிக்கப்பட்டிருந்தது என்பது மற்றொன்று. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுக் கடையை விலை பேசுவார் உண்டோ? திருத்த வேலையை வாயிலாகக் கொண்டு வாடிக்கையாளர்களின் பிற பணிகளையும் பெற்ற நிறுவனங்கள் நிலைத்தன. அதனையே முழுப் பிழைப்பாகக் கொண்டவற்றின் கதி வேறு. நிறுவனத்தின் வருவாயில் இவ்வேலையின் பங்கு எவ்வளவு என்று ஆண்டறிக்கையைப் புரட்டிக் கேட்டவர் மிகச் சிலரே. பெயருடன் ‘சாஃப்ட்வேர்’ என்ற சொல்லை ஒட்டிக்கொண்டதையே தகுதியாக எண்ணி வாங்கியோர் பலர்.

1999 டிசம்பர் 31 இரவு பெருந்தீங்கின்றிக் கழிந்தது. சந்தை உடனே சரியவில்லை என்பதுதான் வேடிக்கை. 2000 பிப்ரவரி 11-ஆம் நாள் பம்பாய்ச் சந்தையின் குறியீட்டெண் வணிகத்தினிடையே 6,000-ஐத் தாண்டியது. 2001 செப்டம்பரில் அது 2,600 அளவில் நின்றது. அப்பிப்ரவரியின் உச்ச விலையில் விப்ரோ பங்கை வாங்கியவர், இட்ட முதலைத் திரும்பக் காணப் பல்லாண்டு காத்திருக்க நேர்ந்தது.