தன்வயமுடைமை

திருக்குறட் கடவுள்வாழ்த்தின் ஒன்பதாங் குறளுரையில் சைவாகமங் கூறும் எண்குணங்களை எண்ணிய பரிமேலழகர், தன்வயத்தனாதலை முதற்கண் வைத்தார். வடநூலார் இதனைச் சுவதந்திரத்துவம் என்பர். சுதந்திரம் என்றவுடன் பிறர் ஆட்சிக்கு உட்படாமையையே இக்காலத்தார் கருதுவர். அது மிகச் சுருங்கிய பொருள். நிற்றற்கும் அறிதற்கும் செய்தற்கும் பிறிதொன்றனை வேண்டாமையே தன்வயமாம்.

இனிச் சிலர், பிறிதொன்றால் ஆக்கப்படாமையே தன்வயம் எனக் கொள்வர். அது பொருந்தாது. என்னை? பதியேயன்றிப் பசு பாசங்களும் அநாதி என்பது சித்தாந்தத் துணிபு. ஆக்கப்படாமை ஒன்றே தன்வயமாயின், உயிரும் ஆணவமும் மாயையும் அதனை உடையனவாகும். இறைவற்கே உரிய இலக்கணம் ஏனையவற்றினுஞ் சென்று அதிவியாத்தி என்னுங் குற்றமாய் முடியும்.

ஆகலின் உளதாதல் வேறு, தன்வயமாதல் வேறு. உயிரை ஆக்கினாருமிலர், அழிப்பாருமிலர். ஆயினும் அதன் அறிவு விளங்குதற்குத் துணை வேண்டும். உறக்கத்தை நோக்குக. உறங்கினான் இல்லாதொழிந்தானல்லன், ஆயின் தான் உளன் என்பதனையும் அவன் அப்பொழுது அறிகின்றிலன். கருவிகள் கூடியவழி அறிவும், நீங்கியவழி அறியாமையும் எய்தும் பொருள், அறிவுடையதேயாயினும் அவ்வறிவைத் தன்வயமாக உடையதன்று. கருவிகளோ சடம், தாமே வந்து கூடமாட்டா. மலத்தின் சத்தியும் திரோதான சத்தி செலுத்தவே நடக்கும்; மாயை முதற்காரணமாயினும் தானே உலகாய் விரியாது; வினையும் தன்னைச் செய்தானைத் தானே நாடிச் சேராது.

விழுதூன்றிய ஆலமரத்தைக் காண்பார், தான் விட்ட விழுதே தன்னைத் தாங்குதலின் இது தன்னைத் தானே தாங்குகின்றது என வியப்பர். வியத்தற்குரியதே. ஆயின் விழுது ஊன்றியது மண்ணில். மண்ணைத் தொடாது அந்தரத்தில் தூங்கும் விழுது கிளையைத் தாங்காது. கிளையே அதனைத் தாங்கும்.

அற்றேல், இறைவனும் சத்தியைக் கொண்டன்றோ தொழில் செய்கின்றான், அவற்குத் தன்வயம் யாங்ஙனம் எனின்: சத்தி சிவத்தின் வேறாய கருவியன்று, குணகுணித் தன்மையால் தாதான்மியமாய் நிற்பது. ஞாயிற்றுக்கு அதன் கதிர் பிறிதொரு துணையாகாமை போலும்.

இவ்வாராய்ச்சியிற் பெரிதும் தெளியவேண்டுவது முத்திநிலையே. பாசம் நீங்கிய உயிர் எண்குணமும் விளங்கப்பெற்று, இறைவனோடு சமமாய் ஐந்தொழிலுஞ் செய்யும் என்பர் சிவசமவாதிகள். அவ்வாறாயின் உயிர் முத்தியில் தன்வயமுடையதாய்விடும். சித்தாந்தம் அதனை உடன்படாது. உயிர் ஆண்டு எய்துவது பாசத்தின் வயப்படாமையும் சிவானந்த நுகர்ச்சியுமேயன்றி உலகினை நடாத்துந் தலைமையன்று. சார்ந்ததன் வண்ணமாதல் உயிரின் இயல்பு. பெத்தத்தில் மலத்தைச் சார்ந்து நின்றது, முத்தியிற் சிவத்தைச் சார்ந்து நிற்கும். சாரப்படும் பொருள் மாறியதன்றிச் சார்தலாகிய இயல்பு மாறிற்றில்லை. மெய்கண்டார் பத்தாஞ் சூத்திரத்தில் இறைபணியையும், பதினோராவதில் மறவாத அன்பையும், பன்னிரண்டாவதில் அடியார் கூட்டத்தையும் ஆலய வழிபாட்டையும் வைத்த காரணம் இதனால் விளங்கும். தன்வயமுற்ற பொருட்குப் பணியேது, அன்பேது? சீவன்முத்தர் கோயிலில் வணங்குதல் வெறும் பழக்கம்பற்றியது என்பார் அப்பன்னிரண்டாஞ் சூத்திரத்தை மீட்டும் ஒருமுறை ஓதுவாராக. சார்பின்றி நில்லாத உயிர் சிவத்தை மறந்தவழி மலவாசனை மீளத் தாக்கும். அதனை நீக்குதற்கே ஆண்டு அவ்வழிபாடு கூறப்பட்டது.