சீவிய மூளை சேர்ந்த கதை!

சிப்ஸ் கடையில் வாழைக்காய் சீவுவதைப் பார்த்திருக்கிறீர்களா, குட்டீஸ்? சரசரவென்று வில்லை வில்லையாக விழும். அந்த வில்லைகளை அடுக்கி, மறுபடியும் முழு வாழைக்காயாக ஆக்கச் சொன்னால்? "முடியவே முடியாது" என்பீர்கள். ஆனால், விஞ்ஞானிகள் ஒரு மனித மூளையை அப்படிச் சேர்த்திருக்கிறார்கள், கம்ப்யூட்டருக்குள்!

65 வயதில் இறந்த ஒரு பெண்மணியின் மூளை, ஆராய்ச்சிக்குத் தானமாகக் கிடைத்தது. ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் அதை மெழுகில் பதித்து, 7,404 வில்லைகளாகச் சீவினார்கள். ஒரு வில்லையின் கனம் 20 மைக்ரோமீட்டர். அதாவது, ஒரு மில்லிமீட்டரில் 50இல் ஒரு பங்கு. உங்கள் தலைமுடியைவிட மெல்லியது! ஒவ்வொன்றுக்கும் சாயம் ஏற்றி, ஸ்கேனரில் படம் எடுத்தார்கள்.

'மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தாலே மூளை தெரியுமே?' என்று கேட்கிறீர்களா? தெரியும். ஆனால், அதில் ஒரு புள்ளி என்பது பொதுவாக ஒரு மில்லிமீட்டர். அந்தப் புள்ளிக்குள் பல்லாயிரம் நரம்பு செல்கள் ஒளிந்திருக்கும்!

இனிதான் சிக்கல். அத்தனை மெல்லிய வில்லைகள் கிழிந்தன, சுருங்கின, மடங்கின. படங்களைச் சீராக்கி, பக்கத்து வில்லைகளோடு பொருத்த வேண்டும். மொத்தத் தகவலோ சுமார் 1,000 ஜிகாபைட்! இதற்குக் கைகொடுத்தவை கனடாவிலும் ஜெர்மனியிலும் உள்ள சூப்பர் கம்ப்யூட்டர்கள்.

சூப்பர் கம்ப்யூட்டர் என்ன செய்யும்? 7,404 விடைத்தாள்களை ஒரே ஆசிரியர் திருத்தினால் எத்தனை நாளாகும்! ஆயிரம் ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொண்டால்? அதுபோல, ஆயிரக்கணக்கான செயலிகள் ஒரே வேலையைப் பங்கு போட்டுச் செய்யும். மூளையைச் சீவும் முன்பே எடுத்து வைத்திருந்த எம்.ஆர்.ஐ. படம், சரியான வடிவத்துக்கு வழிகாட்டியது.

2013ஆம் ஆண்டு 'பிக் பிரெயின்' என்ற முப்பரிமாண மூளை வரைபடம் வெளியானது. எந்த நாட்டு ஆராய்ச்சியாளரும் இதை இலவசமாகப் பயன்படுத்தலாம்.

நம் சென்னை ஐ.ஐ.டி.யும் இதில் சளைத்ததல்ல. குழந்தை பிறக்கும் முன்பு மூளை எப்படி வளர்கிறது என்று காட்டும் 'தரணி' என்ற வரைபடத்தை 2024இல் வெளியிட்டது. அதற்காக 5,132 மூளை வில்லைகளைப் படமாக்கினார்கள்.

இதனால் என்ன பயன்? கை நடுங்கும் பார்க்கின்சன் நோயாளிகள் சிலருக்கு, மூளையின் ஆழத்தில் மெல்லிய மின்கம்பி வைத்துச் சிகிச்சை செய்கிறார்கள். இடம் சிறிது தவறினாலும் பலன் கிடைக்காது. வரைபடம் எவ்வளவு துல்லியமோ, மருத்துவருக்கு அவ்வளவு துணை!

பெயர் தெரியாத அந்தப் பாட்டியின் தானம், இன்று உலகுக்கே வழிகாட்டுகிறது, குட்டீஸ்!